கிழக்கே போகும் குழாய்

டிஸ்கி: இது சாக்கடை பத்தின பதிவு. சாப்பிட்டுக்கிட்டே படிக்கிறவங்க கை கழுவிட்டு வந்து படிக்கவும். :-)

லண்டனுக்கு ரொம்ப நாளா ஒரு பழக்கம். வேண்டாததை எல்லாம் கிழக்கே தள்ளிவிடும். காத்து பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே அடிக்குது, தேம்ஸ் நதியும் அதே பக்கம்தான் கடலுக்கு ஓடுது. அதனால புகை, நாத்தம், கழிவு எல்லாம் கிழக்கே. பங்களாக்கள் மேற்கே. கேஸ் தொழிற்சாலை, ரசாயனப் பட்டறை, எலும்பு வேகவைக்கிற கொட்டாய்னு 19-ஆம் நூற்றாண்டில் வந்ததெல்லாம் கிழக்கே வந்துதான் உட்கார்ந்தது. பின்னாடியே கப்பல் கூலிகள், அப்புறம் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள், கடைசியா நாம.

நான் குடியிருக்கிறது ஈஸ்ட் ஹாம். லண்டன் வந்த தமிழர்கள் யாருக்கும் இந்த ஊரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஹை ஸ்ட்ரீட் நார்த்ல இறங்கி நடந்தா இட்லி மாவு, முருங்கைக்காய், மல்லிப்பூ, மகாலட்சுமி கோயில் எல்லாம் வரிசையா வரும். ஒரு வார்த்தை ஆங்கிலம் பேசாம ஒரு நாளை ஓட்டிடலாம். இங்கிருந்து தெற்கே கொஞ்ச தூரம் நடந்தா கிரீன்வேன்னு ஒரு நடைபாதை வரும். சுத்தியிருக்கிற வீடுகளை விட உயரமா, மண்மேடு மாதிரி, நேரா கோடு போட்டாப்ல போகும். இரண்டு பக்கமும் புல், சைக்கிள்காரர்கள், நாயோட நடக்கிறவர்கள். பழைய ஆட்கள் இதை சூவர் பேங்க்னு சொல்லுவாங்க. பேர்லயே விஷயம் இருக்கு. அந்த மேட்டுக்குள்ள இருக்கிறது செங்கல் குழாய்கள். தேம்ஸுக்கு வடக்கே இருக்கிற லண்டனோட கழிவுநீரில் பெரும்பங்கு நம்ம காலுக்கு அடியிலதான் பெக்டனுக்குப் போயிட்டிருக்கு. நடக்கும்போது அங்கங்கே லேசா ஒரு வாசனை வரும். வரத்தானே செய்யும்.

இந்தக் குழாயைக் கட்டினவர் ஜோசப் பேசல்ஜெட். கதை பலருக்குத் தெரிஞ்சிருக்கும், அதனால சுருக்கமா சொல்றேன். லண்டன் வீடுகளில் முன்னாடி எல்லாம் மலக்குழிதான். தண்ணி ஊத்தி ஃப்ளஷ் பண்ற கக்கூஸ் வந்ததும் குழிகள் நிரம்பி வழிய ஆரம்பிச்சுது. சரி, எல்லாத்தையும் மழைநீர் கால்வாயில் விட்டுடுவோம்னு விட்டாங்க. கால்வாய் எங்கே போகும்? தேம்ஸுக்கு. குடிக்கத் தண்ணி எங்கேயிருந்து எடுத்தாங்க? அதே தேம்ஸ்ல. காலரா வந்து ஆயிரக்கணக்கில் செத்தாங்க. 1855-ல் மைக்கேல் ஃபாரடே படகில் போகும்போது வெள்ளை அட்டைத் துண்டுகளைத் தண்ணியில் போட்டுப் பார்த்தார். ஒரு அங்குலம் முங்கறதுக்குள்ள அட்டை கண்ணுக்கு மறைஞ்சுபோச்சு. அதை எழுதி டைம்ஸ் பத்திரிகைக்கு அனுப்பினார். யாரும் அசையலை.

1858 கோடையில் வெயில் கொளுத்துச்சு. ஆத்தோரமா இருக்கிற பாராளுமன்றத்துக்குள்ள நாத்தம் தாங்கலை. ஜன்னல் திரையை எல்லாம் குளோரைடு கலவையில் நனைச்சுத் தொங்கவிட்டும் எம்.பி.க்களால் உட்கார முடியலை. சட்டம் 18 நாளில் நிறைவேறிடுச்சு! சாதாரண ஜனங்க காலராவில் செத்தப்போ வராத அவசரம், மூக்கில் ஏறினதும் வந்துடுச்சு. (எந்த நாட்டு அரசியலா இருந்தா என்ன.)

பேசல்ஜெட் செஞ்சது இதுதான்: ஆத்தை நோக்கி வடக்கு-தெற்கா ஓடின சாக்கடைகளை எல்லாம், ஆத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே குறுக்கே மறிச்சு, மேற்கு-கிழக்கா போற பெரிய குழாய்களில் திருப்பிவிட்டார். 132 கி.மீ. நீளத்துக்கு மெயின் குழாய்கள், சுமார் 31 கோடி செங்கல். வடக்குப் பக்கம் பெக்டன், தெற்குப் பக்கம் கிராஸ்னெஸ். அங்கே தொட்டியில் தேக்கிவெச்சு, அலை இறங்கும்போது திறந்துவிட்டா கடலுக்குப் போயிடும். சுத்திகரிப்பு எல்லாம் கிடையாது. நடு லண்டன் மணக்காம இருந்தா போதும்.

சுத்திகரிக்காததோட விலை 1878 செப்டம்பர் 3-ஆம் தேதி ராத்திரி தெரிஞ்சுது. பிரின்சஸ் ஆலிஸ்னு ஒரு உல்லாசப் படகு, கடற்கரைக்குப் போய்ட்டுத் திரும்பி வந்த குடும்பங்கள் நிறைய. பெக்டன் பக்கத்தில் ஒரு நிலக்கரிக் கப்பல் மோதி சில நிமிஷத்தில் மூழ்கிடுச்சு. 600 பேருக்கு மேல செத்தாங்க. கொஞ்ச நேரம் முன்னாடிதான் ரெண்டு கரையிலிருந்தும் கழிவைத் திறந்துவிட்டிருந்தாங்க. தண்ணியில் விழுந்தவங்க விழுந்தது தண்ணியிலேயே இல்லை. அதுக்கப்புறம்தான் கசடைப் பிரிச்சு கப்பலில் ஏத்தி நடுக்கடலில் கொட்ட ஆரம்பிச்சாங்க. அந்தக் கப்பல் ஓட்டம் 1998 வரைக்கும் நடந்துச்சு!

இப்போ விஷயத்துக்கு வர்றேன். பேசல்ஜெட் குழாயில் கழிவுநீரும் மழைநீரும் ஒண்ணாத்தான் போகும். மழை பலமா பேஞ்சா குழாய் கொள்ளாது. கொள்ளலைன்னா என்ன ஆகும்? பின்னாடி ஏறி வீட்டுக் கக்கூஸ் வழியா வெளியே வரும். அதைத் தடுக்க ஆத்தங்கரை ஓரமா வழிஞ்சு போற வாய்களை வெச்சார். குழாய் ஒரு மட்டத்துக்கு மேல நிரம்பினா மிச்சம் ஆத்துக்குள்ள கொட்டிடும்.

என்னை மாதிரி கோடு எழுதிப் பிழைக்கிறவனுக்கு இது நல்லாப் புரியுது. க்யூ நிரம்பிடுச்சுன்னா மொத்த சிஸ்டமும் படுத்துக்கறதுக்குப் பதிலா, வர்ற ரெக்வெஸ்ட்டில் கொஞ்சத்தைத் தூக்கிப் போட்டுடுவோம் இல்லையா, அதே கதைதான். தூக்கிப் போடற இடம் தேம்ஸ். அதாவது ஆத்தில் சாக்கடை கலக்கிறது குழாய் உடைஞ்சதால நடந்த விபத்து இல்லை. அது டிசைன். வேணும்னே வெச்ச கதவு. பத்திரிகையில் எல்லாம் 'கசிவு'ன்னு எழுதும்போது எனக்கு எரிச்சலா வரும். கசியலைங்க, திறந்து விடுறாங்க.

1860-களில் அந்தக் கதவு எப்போவாவது பெரிய மழைக்குத் திறந்தா போதும்னு இருந்துச்சு. அவர் சுமார் 40 லட்சம் பேருக்குன்னு கட்டினார். அன்னைக்கு இருந்த ஜனத்தொகையை விட நல்லா அதிகமாத்தான் கணக்குப் போட்டிருந்தார், அந்த மனுஷனைக் குறை சொல்ல முடியாது. இன்னைக்கு லண்டனில் சுமார் 90 லட்சம் பேர். மண்ணும் புல்லுமா இருந்த இடம் எல்லாம் தாரும் கான்கிரீட்டும். முன்னாடி மண்ணு குடிச்ச மழை இப்போ நேரா சாக்கடைக்கு வருது. கடைசியில் சில இடங்களில் 2 மில்லிமீட்டர் மழைக்கே கதவு திறக்கிற நிலைமை. லண்டனில் 2 மில்லிமீட்டர்ங்கிறது மழையே இல்லைங்க, ஆபீஸ் போறவன் குடையைக்கூட விரிக்க மாட்டான். சராசரியா வாரம் ஒரு தடவை ஆத்தில் கழிவு. ஒரு சாதாரண வருஷத்தில் 3.9 கோடி டன். தேம்ஸில் அலை ஏறி இறங்குறதால கொட்டினது உடனே கடலுக்கும் போகாது. முன்னும் பின்னுமா வாரக்கணக்கில் ஊருக்குள்ளேயே ஊஞ்சல் ஆடும்.

ஐரோப்பிய ஒன்றியம் கேஸ் போட்டது. 2012 அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம் பிரிட்டன் மேல தப்புன்னு தீர்ப்பு சொல்லிச்சு. 2014-ல் அரசாங்கம் தேம்ஸ் டைட்வே சுரங்கத்துக்கு அனுமதி கொடுத்தது, 2016-ல் வேலை ஆரம்பம். மேற்கே ஆக்டனிலிருந்து கிழக்கே ஆபி மில்ஸ் வரை 25 கி.மீ., உள்விட்டம் 7.2 மீட்டர். மூணு டபுள் டெக்கர் பஸ்ஸைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தலாம்னு அவங்க விளம்பரம். ஆக்டனில் 30 மீட்டர் ஆழத்தில் ஆரம்பிச்சு, பெரும்பாலும் ஆத்துக்கு அடியிலேயே வளைஞ்சு வளைஞ்சு வந்து, 790 மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவில் இறங்கி, ஆபி மில்ஸில் 66 மீட்டர் ஆழத்துக்கு வருது. பம்ப் இல்லாம தானா கிழக்கே ஓடிவரும். ஆத்துக்குள்ள கொட்டுற வாய்களில் மோசமானது 34. அதையெல்லாம் ஒண்ணு இந்தச் சுரங்கத்துக்குத் திருப்பிட்டாங்க, இல்லைன்னா வேற வழியில் அடக்கிட்டாங்க. 2025 பிப்ரவரியில் கடைசி இணைப்பும் முடிஞ்சு முழுசா ஓட ஆரம்பிச்சுது. செலவு சுமார் 450 கோடி பவுண்ட். நம்ம காசில் 50,000 கோடி ரூபாய் பக்கம்.

நான் மாடி ரூமில் இருக்கிறேன், கீழே வீட்டுக்கார அங்கிளும் ஆன்ட்டியும். யாழ்ப்பாணம். எண்பதுகளில் வந்தவங்க. தண்ணி பில், கேஸ் பில், கவுன்சில் கடுதாசி எது வந்தாலும் ராத்திரி எனக்குக் குரல் வரும். போன தடவை வந்தது தண்ணி பில்.

"தம்பி, உதை ஒருக்காப் பாரும். கழிவுத் தண்ணிக்கு எண்டு தனியாக் காசு போட்டிருக்கிறாங்கள்."

சுரங்கக் கதையைச் சொன்னேன். இந்த 450 கோடியை அரசாங்கம் போடலை, தனியார் முதலீட்டாளர்கள் போட்டு, அதை லண்டன் பகுதியில் கழிவுநீர் பில் கட்டுற ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வருஷத்துக்கு 20, 25 பவுண்ட்னு வசூல் பண்றாங்க, வேலை நடக்கும்போதே வசூல் ஆரம்பிச்சாச்சு, இன்னும் பல பத்து வருஷம் போகும்னு எல்லாம் விளக்கினேன். பொறுமையா கேட்டார்.

"அப்ப புட்னியில படகு ஓட்டுறவைக்கு ஆறு மணக்காமல் இருக்க, ஈஸ்ட் ஹாமில இருக்கிற நான் காசு கட்டவேணும். அந்தச் சாமான் எல்லாம் கடைசியா எங்கை வருது?"

"பெக்டனுக்கு அங்கிள்."

"எங்கடை பக்கம்."

அதுக்கு மேல அவர் ஒண்ணும் சொல்லலை. எனக்குத்தான் ராத்திரி பூரா அது மண்டைக்குள்ள ஓடிட்டே இருந்துச்சு. (அவங்க பேச்சில் மணக்கிறதுன்னா நாறுறது. மதுரைக்காரங்க கவனிக்க.)

அங்கிள் கேள்வி பாதி சரி, பாதி இல்லை. இல்லாத பாதியை முதல்ல சொல்லிடறேன். லண்டனிலேயே அதிகமா கழிவு கொட்டின ஒற்றை வாய் மேற்கே புட்னியிலோ செல்சியிலோ இல்லை. நம்ம கிரீன்வே ஓரமா இருக்கிற ஆபி மில்ஸில். பேசல்ஜெட் காலத்து பம்பிங் ஸ்டேஷன், 1868-ல் திறந்தது, வெளியே இருந்து பார்த்தா மாதா கோயில் கணக்கா கோபுரமும் வேலைப்பாடுமா இருக்கும். சாக்கடைக்கு இவ்வளவு அலங்காரமான்னு தோணும். அங்கேயிருந்து மட்டும் வருஷத்துக்கு 1.6 கோடி டன், மொத்தத்தில் ஐந்தில் இரண்டு பங்கு, லீ நதிக்குள்ள போயிட்டிருந்துச்சு. அதாவது கிழக்கு லண்டன் பிள்ளைங்க விளையாடுற பக்கத்துக்கு. முதல்ல சரிபண்ணினது அதைத்தான். ஆபி மில்ஸிலிருந்து பெக்டனுக்கு லீ டன்னல்னு 6.9 கி.மீ. சுரங்கம் வெட்டி 2016 ஜனவரியில் திறந்தாங்க, 63.5 கோடி பவுண்ட் செலவில். டைட்வே வந்து சேர்றதும் அதில்தான். ரெண்டும் சேர்ந்து 160 கோடி லிட்டர் பிடிக்கும். மழை நின்னதும் பெக்டனில் ராட்சச பம்ப் போட்டு மேலே ஏத்தி, சுத்திகரிச்சு, அப்புறம்தான் ஆத்தில் விடுவாங்க. 1878 மாதிரி அப்படியே திறந்துவிடறது இல்லை. ஆக, ஆறு சுத்தமானா நமக்கும்தான் சுத்தம். குழாய் கிழக்கே வர்றதுக்குக் காரணமும் முழுக்க ஓரவஞ்சனை இல்லை. தண்ணி பள்ளத்துக்குத்தான் ஓடும், லண்டனோட பள்ளம் இந்தப் பக்கம்.

சரியான பாதி காசு விஷயம். ஆத்தங்கரை ஓரமா கண்ணாடி ஃபிளாட் கட்டி, 'ரிவர் வியூ'ன்னு சொல்லி விக்கிறவங்களுக்கு ஆறு சுத்தமாக ஆக வீட்டு விலை ஏறும். அங்கிள் வீட்டிலிருந்து ஆறே தெரியாது. ஆனா கழிவுநீர் பில்லில் ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான் கட்டணம். கஷ்டப்படுற குடும்பத்துக்கு சலுகைக் கட்டணம் இருக்கு, உண்மைதான். இருந்தாலும் இது வருமானத்தைப் பார்த்து வாங்குற வரி இல்லை. கட்டுமானத்தில் பெரிய விபரீதம் எதுவும் நடந்துட்டா அரசாங்கம் கைகொடுக்கும்னு முதலீட்டாளர்களுக்கு மட்டும் உத்தரவாதம் இருந்துச்சு. இன்னொரு பக்கம், லண்டனோட சாக்கடையை நடத்துற தேம்ஸ் வாட்டர் கம்பெனி கடனில் முங்கிக் கிடக்கு. கழிவுநீரைச் சரியா கையாளாததுக்கும், கொடுக்கக்கூடாத டிவிடெண்ட் கொடுத்ததுக்கும் சேர்த்து 2025 மே மாசம் ஒழுங்குமுறை ஆணையம் 12.27 கோடி பவுண்ட் அபராதம் போட்டது. இதையெல்லாம் படிக்கிற ஒரு மனுஷன் 25 பவுண்டை சந்தேகத்தோட பார்த்தா தப்பில்லை.

சுரங்கமே வேண்டாம்னு சொன்ன பொறியாளர்களும் உண்டு. அவங்க வாதம், பஃபரைப் பெருசாக்காதே, வர்றதைக் குறைங்கிறது. மழைநீரை விழுற இடத்திலேயே மண்ணுக்குள்ள இறக்கு. ரோட்டோரம் செடிப்பாத்தி, மாடித் தோட்டம், தண்ணி இறங்குற தரை. அமெரிக்காவில் பிலடெல்பியா 2011-ல் இந்த வழியில்தான் இறங்கிச்சு, 25 வருஷத் திட்டம். லோடு அதிகமாகும்போது சர்வர் வாங்கிப் போட்டுக்கிட்டே இருக்கிற மேனேஜரைப் பார்த்தவன் நான், அதனால எனக்கு இந்த வாதம் பிடிச்சிருக்கு. ஆனா லண்டன் மாதிரி செங்கல்லா இறுகிப்போன ஊரில், கீழே பெரும்பாலும் களிமண் வேற, அதை மட்டும் வெச்சு 3.9 கோடி டன்னை நிறுத்த முடியும்னு எனக்கு நம்பிக்கை வரலை. மழைக்கும் கழிவுக்கும் தனித்தனிக் குழாய் போடலாம்னா ஊரில் ஒரு தெரு விடாம தோண்டணும். சுரங்கம் வெட்டினது சரின்னுதான் நினைக்கிறேன். சுரங்கம் வந்தாச்சேன்னு மத்ததை விட்டுடுவாங்களோங்கிறதுதான் என் பயம். இந்தச் சுரங்கத்துக்கும் ஒரு கொள்ளளவு உண்டு. இப்பவே பெரிய புயல் மழைக்கு வருஷத்தில் சில தடவை கதவு திறக்கும்னு சொல்லித்தான் கட்டியிருக்காங்க. 95 சதவீதம் குறையும், நூறு இல்லை.

எங்க தெருவையே எடுத்துக்கங்க. அடுத்தடுத்து ஒட்டின வீடுகள். ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி கையகலத் தோட்டம் இருந்திருக்கணும். இப்போ முக்கால்வாசி சிமெண்ட் போட்டு கார் நிறுத்தற இடமா ஆயிடுச்சு. இங்கிலாந்தில் 2008-லிருந்து வீட்டு முன்னாடி 5 சதுர மீட்டருக்கு மேல தண்ணி இறங்காத தரை போட அனுமதி வாங்கணும்னு விதி வந்தது. தண்ணி இறங்குற கல்லா போட்டா அனுமதி தேவையில்லை. அதுக்கு முன்னாடி போட்டதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது. நம்ம அங்கிள் 1999-ல் போட்டார். மழை பெஞ்சா அவரோட டொயோட்டாவைக் கழுவிட்டு தண்ணி நேரா சாக்கடை மூடிக்குத்தான் போகும். இதை நான் அவர்கிட்ட சொல்லலை. வாடகை ஏறும். :-)

இன்னொண்ணு. சுரங்கம் ஆரம்பிக்கிறது ஆக்டனில். அதுக்கும் மேற்கே, ஆத்தோட மேல்பக்கம், ஐல்வர்த்தில் மாக்டன் சுத்திகரிப்பு நிலையம் இருக்கு. பெருமழையில் அங்கேயிருந்து வழிஞ்சு வர்றது சுரங்கத்துக்குள்ள வராது, ஆத்தோடதான் வரும். 2024 ஆக்ஸ்போர்டு-கேம்பிரிட்ஜ் படகுப் போட்டியப்போ தண்ணியில் ஈ-கோலை கிருமி அதிகம், ஜெயிச்சதும் ஆத்தில் குதிக்காதீங்கன்னு எச்சரிக்கை விட்டாங்க. அந்தப் பிரச்சினை முழுசையும் இந்தச் சுரங்கம் தீர்க்காது. அப்புறம் ஈரத் துடைப்பான். ஹேமர்ஸ்மித் பாலம் பக்கம் வெட் வைப்ஸ் சேர்ந்து சேர்ந்து ஒரு தீவே ஆயிடுச்சு, 2025 ஆகஸ்டில் இயந்திரம் வெச்சு அள்ளினாங்க. கக்கூஸில் போட்டது ஆத்தங்கரையில் தீவா முளைக்குது. எங்க வீட்டுக் கக்கூஸ் கதவில் ஆன்ட்டி கைப்பட எழுதி ஒட்டியிருக்காங்க: "பேப்பரைத் தவிர ஒண்டும் போடாதேங்கோ". 450 கோடி பவுண்டுக்கு முன்னாடியே ஒட்டினது.

தேம்ஸ் வாட்டர் 2023 ஜனவரியிலிருந்து ஒரு வரைபடம் வெச்சிருக்காங்க. எந்த வாய் இப்போ ஆத்தில் கொட்டிட்டிருக்கு, எது கடைசியா எப்போ கொட்டிச்சுன்னு காட்டும். மழை பெய்யற ராத்திரியில் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கிற மாதிரி அதைத் திறந்து பார்க்கிறது எனக்கு வழக்கமாயிடுச்சு. அறுபது மீட்டருக்குக் கீழே, கும்மிருட்டில், மேற்கு லண்டன் மொத்தமும் மெதுவா நம்ம ஊரைப் பார்த்து வந்துட்டிருக்கும்.

கொசுறு: 1887-ல் கசடு ஏத்திக்கிட்டு போன முதல் கப்பலுக்கு வெச்ச பேரு பேசல்ஜெட். இந்தச் சுரங்கத்தைக் கட்டின கம்பெனியோட பதிவுப் பேரு பேசல்ஜெட் டன்னல் லிமிடெட். சுரங்கம் குடைஞ்ச ஆறு இயந்திரங்களுக்கும் பெண்கள் பேரு வெச்சாங்க. பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடின மில்லிசென்ட் ஃபாசெட் பேரும் அதில் ஒண்ணு.